இரண்டாவது குழாய்

மூடி எங்கே இருக்கிறது?
நான் கேட்கும் முதல் கேள்வி அது.
வீட்டுக்காரர்களுக்குத் தெரிவதில்லை.
கோமளவல்லியும் கையை விரித்தார்:
"வாங்கும்போதே டைல்ஸ் போட்டிருந்துச்சு தம்பி.
காலி பண்ணிட்டேன்னு விற்றவன் லோரி ரசீது காட்டினான்.
ஒம்பது வருஷம் ஆச்சு."

பாடாங் செராய்.
எஸ்டேட்டை வெட்டி எழுப்பிய தாமான்.
கடைசி வரிசைக்குப் பின்னால் இன்னும் செம்பனை.
கார் நிறுத்துமிடம், துணி காயுமிடம்,
நீட்டிக் கட்டிய சமையலறையின் பின்வாசல்,
இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே போனேன்.
தட். தட். தட்.
துளசி மாடத்துக்கு ஒரு முழம் தள்ளி
தொம்.

"இது மேலயா விளக்கு வச்சேன்?"
இல்லை அக்கா, பக்கத்தில்தான்.
பல வீடுகளில் சொல்லிப் பழகிய பதில்.

இரண்டு டைல்ஸ் உடைந்தன. மூடி எழுந்தது.
தள்ளி நில்லுங்கள், குனியாதீர்கள்,
முதல் மூச்சை அது விட்டுக்கொள்ளட்டும்.
மேலே ஆடை, ஆறிய பாலில் படிவதுபோல.
கோலில் வெள்ளைத் துண்டு சுற்றி வைத்திருப்பேன்.
மெல்ல இறக்கி, அடி தட்டியதும்
நூறு எண்ணி, மெல்ல எடுக்க வேண்டும்.
துண்டில் கறுப்பு எதுவரையோ
அதுவரை சகதி.
மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லோரி.
இங்கே பாதியைத் தாண்டியிருந்தது.

"நான் ஒண்டிக்கட்டை" என்றார்.
கூலிமில் கையுறைத் தொழிற்சாலை, இரவு ஷிப்டு.
"ஒரு ஆளுக்கு எப்படி இவ்வளவு?"
கணக்கு எனக்கும் உதைத்தது.

அப்போதுதான் தண்ணீர் விழுந்தது.

வீட்டுக்குள் யாருமில்லை.
எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை.
தொட்டியின் பக்கச் சுவரில்
வேர் என்று நான் நினைத்த இருட்டில்
இன்னொரு குழாயின் வாய்.
சளசளவென்று கொட்டி, சொட்டி, நின்றது.
மதிலுக்கு அப்பால் ஒரு தாழ்ப்பாள் விலகியது.
யாரோ இருமினார்கள்.

அந்த மதிலைப் பற்றித்தான்
வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
நான்கு அங்குலம் உள்ளே வந்துவிட்டதாம்.
நில அளவைக்காரர் இரண்டு முறை.
மாவட்ட மன்றத்துக்கு ஐந்து கடிதம்.
ரெஜினாவோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
போன வருஷம் அவர் புருஷன் சவரிமுத்து செத்த அன்று
ஜன்னலைச் சாத்திவிட்டு
வேலைக்குப் போய்விட்டாராம்.

குழியைப் பார்த்தபடியே நின்றார் கோமளவல்லி.
"கடைசி ரெண்டு மாசம்
அவருக்கு வயித்துலதான் கட்டி.
ஷிப்டு முடிஞ்சு வந்து படுத்தா
பகலெல்லாம் ஃபிளஷ் சத்தம்,
கண்ண மூட விடாது.
படுத்துக்கிட்டே திட்டுவேன்."
கொஞ்சம் நிறுத்தி,
"இங்கதான் வந்துச்சா?"

இங்கேதான் அக்கா.

பாரத்தில் ஒரு கட்டம் உண்டு,
இணைப்புகளின் எண்ணிக்கை.
ஒன்று என்று போட்டுவிட்டு
அடுத்த வரிக்குப் போவது என் கையின் வழக்கம்.
ஒன்று போட்டிருந்தேன்.
அடித்து இரண்டு என்று எழுதினேன்.
எழுதாமல் விடச் சொல்வார் என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.

வியாழன் பத்து மணிக்கு லோரி.
முந்நூற்று இருபது வெள்ளி.
பன்னிரண்டு வரை இரண்டு வீட்டிலும்
தண்ணீர் விடக்கூடாது.
அந்தப் பக்கம் யார் சொல்வது? என்றேன்.
நானே சொல்லலாம், என் வேலையில் சேர்த்திதான்.

பதிலுக்கு மைலோ வந்தது,
காகிதக் கப்பில்.
எனக்கு எப்போதும் காகிதக் கப்பில்தான் வரும்.
பாதி குடித்து நிமிர்ந்தபோது
ஜப்பான் சிலிப்பரை மாட்டிக்கொண்டு
கேட்டருகில் இருந்தார்.
ரெஜினா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை,
கடைப்பக்கம் நடந்தார்.
"துக்கத்துக்கே போகாத வீடு.
வெறுங்கையோட எப்படிப் போறது?
மூடிய வச்சிடாத தம்பி,
அதுவும் வந்து பார்க்கட்டும்."

திறந்த குழிக்குக் காவலாக நின்றேன்.
மைலோ ஆறிப்போயிருந்தது.
கொஞ்ச நேரத்தில்
மறுபடியும் தண்ணீர் விழுந்தது.